தாழ்ப்பாளின் இடப்பக்கம்

வீட்டிலிருந்து நடந்தே போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்குள் இருக்கும் சாதாரணப் பொருள்களை மூன்று ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். குழாய், தாழ்ப்பாள், படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி, சுவரில் சாய்த்துவைத்த ஏணி, வாசலில் கவிழ்த்துவைத்த வாளி, சாலையோரத்து இருக்கை, சாக்கடை மூடி, மின்கம்பத்தின் அடிப்பகுதி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. மலையையும் கடலையும் படம் எடுப்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை; ஒரு குழாயின் முன்னால் பத்து நிமிடம் மண்டியிட்டு அமர்ந்திருப்பவரிடம் வழியில் போகிற எல்லோரும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு நின்ற இடத்திலேயே நான் சொன்ன அரைகுறைப் பதில்களை ஒழுங்காகச் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

ஒரு பொருளில் நான் முதலில் தேடுவது கை பட்ட இடத்தை. எந்தப் பொருளானாலும் நாலைந்து ஆண்டுகள் மனிதர்களின் புழக்கத்தில் இருந்துவிட்டால், அதன் உடம்பில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டுவிடும். பித்தளைக் கைப்பிடியில் நாள்தோறும் கை உராயும் பகுதியில் கருமை படிய நேரமே கிடைப்பதில்லை என்பதால் அது மட்டும் பொன்போல் மின்னும். யாரும் தொடாத அடிப்பகுதி கறுத்துக் கிடக்கும். மரக் கைப்பிடியில் இது தலைகீழாக நடக்கும். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஊறி, தொட்ட இடமே அதிகம் கறுக்கும். கல்படிகளில் நடுப்பகுதி குழியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி இருக்கும் படிக்கட்டாக இருந்தால் அந்தக் குழி நடுவிலிருந்து கைப்பிடிப் பக்கமாக ஒதுங்கியிருக்கும். சில கதவுகளில் கைப்பிடிக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுக்குத் தடம் தெரியும். திறப்பதற்குக் கைப்பிடி இருந்தாலும் மனிதர்கள் அங்கேதான் கையை வைத்துத் தள்ளுகிறார்கள் என்பது அந்தக் கதவைச் செய்த தச்சருக்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்தச் செய்தி கதவின் மேலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதைத் தெளிவாகப் படிக்கும்படி ஒரு படத்தில் கொண்டுவருவதே என் வேலை என்று வைத்திருக்கிறேன்.

படிக்கும்படி கொண்டுவருவது சொல்லுகிற அளவுக்கு எளிதாக இருப்பதில்லை. பெரும்பாலும் வெளிச்சம் ஒத்துழைக்காது. பூங்காவின் நுழைவாயிலுக்கு அருகே ஒரு பித்தளைக் குடிநீர்க் குழாய் இருக்கிறது; அதை நாற்பது தடவைக்கும் மேலாகப் படம் எடுத்திருக்கிறேன். முதல் படத்தை உச்சிவெயிலில் எடுத்தேன். குழாயின் தலை வெள்ளைத் திட்டாக வெளுத்துப்போயிருந்தது. மூக்குக்குக் கீழே இருந்த பகுதி விவரம் எதுவும் தெரியாமல் கறுத்து அடைந்திருந்தது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை பாகைதான் இருக்கும். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெளிச்சம் வரும்போது நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே ஒரே விளக்காக மாறிவிடுவதால், வெளிச்சம் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து பொருளைத் தழுவிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில் போய் எடுத்தபோது குழாயின் உண்மையான நிறம் முதல்முறையாகப் படத்தில் வந்தது. கைபடும் பிடி மஞ்சளாகவும், கழுத்துப்பகுதி பழுப்பாகவும், நீர் சொட்டிச் சொட்டிக் காய்ந்த மூக்கின் ஓரம் வெளிர்பச்சையாகவும் இருப்பதை நேரில் எத்தனையோ முறை பார்த்தும் நான் கவனித்திருக்கவில்லை.

ஆனால் அந்தப் படத்திலும் ஒரு குறை இருந்தது. நிறம் வந்ததே தவிர, பிடியின் மேலிருந்த மெல்லிய கீறல்கள் வரவில்லை. கீறல் என்பது ஒரு சின்னஞ்சிறு பள்ளம். பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதற்குள் நிழல் விழ வேண்டும். நிழல் விழ வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, ஏறக்குறைய அந்தப் பரப்பை உரசிக்கொண்டு வர வேண்டும். பொழுது விடிந்து அரை மணி நேரத்துக்குள் போனால் அந்த வெளிச்சம் கிடைக்கும். அப்படி ஒரு காலையில் எடுத்த படத்தில்தான் அந்தப் பிடியின் மேல் ஆயிரக்கணக்கான மோதிரங்களும் வளையல்களும் சாவிகளும் இட்ட கோடுகள், எல்லாம் ஒரே திசையில் வளைந்து, பிடியைத் திருகும் போக்கிலேயே ஓடுவதைக் கண்டேன். குழாயை எந்தப் பக்கம் திருகினால் நீர் வரும் என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாற்பது படங்களில் அந்த ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உலோகத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பளபளப்பான உலோகத்தைப் படம் எடுக்கும்போது, அதன் மேல் பிரதிபலிக்கும் சுற்றுப்புறமும் படத்துக்குள் வந்துவிடுகிறது. குழாயின் வளைவில் கொஞ்ச நாள் ஒரு வெள்ளைக் கோடு வந்துகொண்டே இருந்தது. நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டைதான் அது என்று கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. அன்றிலிருந்து கருநிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறேன். கண்ணாடி, நீர், பெயிண்ட் அடித்த மரம் ஆகியவற்றின் மேல் தெரியும் கூசலைத் துருவமாக்கும் வடிகட்டி ஒன்றை லென்ஸில் மாட்டிப் பெருமளவுக்கு நீக்கிவிடலாம். அந்தப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து பார்க்கும்போது அது நன்றாக வேலை செய்யும். வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பில் அந்த வடிகட்டியால் பெரிய பயன் இல்லை. அங்கே நிற்கிற இடத்தை மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

கேமராவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கைபேசியிலும் எடுக்கிறேன், 50 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவிலும் எடுக்கிறேன்; இந்த மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை அகலும். கைபேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரையிலான லென்ஸுக்கு நிகரான அகன்ற பார்வை உடையது என்பதால், பொருளை நிரப்பிக் காட்டுவதற்காக அதை மிகவும் அருகில் கொண்டுபோகிறோம். உடனே முன்னால் இருக்கும் பாகம் பெருத்து, பின்னால் இருக்கும் பாகம் சுருங்கி, ஒரு நல்ல வாளி வாய் பிளந்த குவளைபோல் ஆகிவிடுகிறது. இதை லென்ஸின் குறை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நாம் நிற்கும் தொலைவால் வருவது. இரண்டடி பின்னால் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் வாளி வாளியாகவே வரும்.

எதிர்பாராமல் என்னை அதிகம் சோதித்தது வெள்ளைச் சுவரில் இருக்கும் வெள்ளை மின்விசைப் பலகை. எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுத் திருப்பத்தில் அது இருக்கிறது. விளக்கைப் போட இருட்டில் தடவிப் பார்த்த விரல்களால் அதைச் சுற்றி ஒரு சாம்பல்நிற வட்டம் உருவாகியிருக்கிறது. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல்நிறம், அதாவது மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்பு என்று எடுத்துக்கொண்டுதான் அளக்கிறது. அதனால் வெள்ளைச் சுவர் முழுவதும் சாம்பலாக வந்து, விரல்களின் வட்டம் அதில் கரைந்துபோய்விட்டது. எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவை, ஒரு படியிலிருந்து ஒன்றரைப் படி வரை கூட்டிவைத்த பிறகு சுவர் வெள்ளையாகி, அந்த வட்டம் தனியே எழுந்து நின்றது. கறுப்புக் கதவுக்கு இதையே எதிர்த்திசையில் செய்ய வேண்டும். அந்தப் படிக்கட்டில் எரிவது மஞ்சள் விளக்கு, சன்னல் வழியாக வருவது நீலம் பாய்ந்த நிழல் வெளிச்சம். ஒளியின் மஞ்சள், நீலச் சாயலைக் குறிக்கும் அளவுக்கு நிறவெப்பம் என்று பெயர்; பழைய இழை விளக்கின் நிறவெப்பம் 2700 கெல்வினுக்கு அருகிலும், வெயில் படாத நிழலின் நிறவெப்பம் 7000 கெல்வினுக்கு மேலேயும் இருக்கும். எதை வெள்ளையாகக் காட்டுவது என்ற வெள்ளைச் சமநிலையைக் கேமரா தானாகத் தீர்மானிக்கும்படி விட்டால் ஒரே பலகை அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு நிறத்தில் வரும். ஆகவே அதைக் கையால் ஓர் அளவில் நிறுத்திவைத்துவிடுகிறேன்.

அருகில் போகும்போது கூர்மை கிடைக்கும் ஆழம் எவ்வளவு குறைந்துவிடுகிறது என்பதையும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. முழுச்சட்டக் கேமராவில், அதாவது உணரி பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள கேமராவில், 50 மி.மீ. லென்ஸை வைத்து, அரை மீட்டர் தொலைவில் இருக்கும் பூட்டை எஃப் 2.8 துளையில் எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஒன்றரைச் சென்டிமீட்டர்தான் கூர்மையாக இருக்கும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்தால் அது நான்கு சென்டிமீட்டரைத் தாண்டும். பின்னணி பனிபோல் மங்கியிருக்கும் படங்களில் எனக்கும் ஒரு காலத்தில் மயக்கம் இருந்தது. இப்போது இல்லை. பூட்டு தொங்கும் கொண்டியும் கொண்டி அடித்திருக்கும் மரமும் தெரியாத பூட்டுப் படம் எந்த ஊரிலும் எந்தக் கதவிலும் இருக்கலாம். எனக்கு வேண்டியது இந்தக் கதவில் இருக்கும் பூட்டு.

சாதாரணப் பொருள்களைப் படம் எடுப்பது புதிய பழக்கம் ஒன்றும் இல்லை. புகைப்படக் கலையின் தொடக்கமே அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால் அசையாத பொருள்களே அகப்பட்டன. 1838-இல் லூயி டகேர் பாரிஸின் ஒரு பெருந்தெருவை எடுத்தபோது, நடமாடிக்கொண்டிருந்த மனிதர்கள் அனைவரும் மறைந்துபோய், காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவரின் உருவம் மட்டுமே அடையாளம் தெரியும்படி பதிந்தது. ஆனால் வேறு வழியில்லாமல் மட்டும் அவர்கள் பொருள்களிடம் போகவில்லை என்பதற்கு 1844-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எடுத்த ஒரு படமே சாட்சி. பாதி திறந்த ஒரு கதவு, அதன் அருகே சாய்த்துவைத்த ஒரு துடைப்பம், அதன் நிழல். அந்தப் படத்தில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். துடைப்பத்தின் சாய்வும் நிழலின் சாய்வும் ஒன்றோடொன்று சேரும் இடத்தை அவர் வேண்டுமென்றே தேடியிருக்கிறார் என்பது பார்த்த உடனே புரிகிறது. புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் 1928-இல் தட்டின் விளிம்பில் சாய்ந்திருக்கும் ஒரு முட்கரண்டியையும் அதன் நிழலையும் எடுத்த படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிழலையும் பொருளின் ஓர் உறுப்பாகவே எண்ணிச் சட்டத்துக்குள் இடம் விட வேண்டும் என்பதை அதிலிருந்துதான் கற்றேன்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் யூஜின் அட்ஜே. 1857-இல் பிறந்து 1927-இல் மறைந்த அவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாரிஸ் நகரத்தின் தெருக்களில் கனமான மரக் கேமராவையும் 18-க்கு 24 செ.மீ. அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு நடந்தார். மாடிப்படிகள், கதவைத் தட்டும் உலோக வளையங்கள், கடைகளின் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாவற்றையும் எடுத்தார். தன்னைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்குத் தேவையான ஆவணங்களைத் தருபவர் என்றே தன் வாசலில் எழுதிவைத்திருந்தார். அந்த மனநிலை எனக்கு உகந்ததாக இருக்கிறது. படத்தில் நான் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு வெளியே போன நாள்களில் எடுத்த படங்கள் எல்லாம் கோணலாக, மேலிருந்தும் கீழிருந்தும் எடுத்தவையாக இருக்கின்றன. கதவு தெரிய வேண்டும் என்று போன நாள்களில் எடுத்தவை நேராக நிற்கின்றன.

ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இருவரும் 1959 முதல் பல பத்தாண்டுகளாக நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் தொழிற்சாலைக் கட்டுமானங்களையும் மேகமூட்டமான வெளிச்சத்தில், ஒரே மாதிரியான கோணத்தில் எடுத்து, அவற்றை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். ஒரு கோபுரத்தைத் தனியே பார்த்தால் கோபுரம் தெரியும். ஒன்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் எங்கே மாறுபடுகிறது என்பது தெரியும். இதைப் பின்பற்றி எங்கள் தெருவில் உள்ள வாயிற்கதவுத் தாழ்ப்பாள்கள் இருபத்தேழையும் ஒரே தொலைவிலிருந்து எடுத்து ஒரு தாளில் அச்சிட்டேன். 10-க்கு 15 செ.மீ. படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட ஏறக்குறைய 1200-க்கு 1800 புள்ளிகள் போதும் என்பதால், இந்த வேலைக்குக் கைபேசிப் படமே தாராளமாகப் போதுமானது. அந்தத் தாளைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு தாழ்ப்பாள் மட்டும் மற்ற இருபத்தாறிலிருந்து விலகி நிற்பதைக் கண்டேன். மற்றவற்றில் குமிழின் வலப்பக்கம் தேய்ந்திருந்தது. அதில் மட்டும் இடப்பக்கம்.

அந்த வீட்டின் வாசலில் நான் இரண்டாம் முறை குனிந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். "என்ன தம்பி, கதவுல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். கோளாறு எதுவும் இல்லை, தாழ்ப்பாளைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி, அச்சிட்ட தாளை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, இருபத்தேழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எது யாருடைய வீடு என்று பன்னிரண்டு தாழ்ப்பாள்களைச் சரியாகச் சொன்னார். தம் வீட்டுத் தாழ்ப்பாளிடம் வந்ததும், "இது மட்டும் ஏம்மா இந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "வலக்கைல எப்பவும் பை இருக்கும், தம்பி. முப்பது வருஷமா இடக்கையாலதான் தொறக்கறேன்" என்றார். பிறகு எழுந்து போய், கையில் பை இருப்பதுபோல் வலக்கையை மடித்துக்கொண்டு, இடக்கைக் கட்டைவிரலால் குமிழைத் தள்ளிக் காட்டினார். பெயிண்ட் உதிர்ந்து இரும்பு வெளியே தெரிந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் அளவெடுத்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தது.

அனுமதி கேட்டு எடுப்பது நல்லது என்பதை நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அந்தந்த இடத்தின் விதியை அறிந்துகொள்வது எடுப்பவரின் பொறுப்பு. வீட்டு எண், வண்டி எண், சன்னலுக்குள் தெரியும் முகம் ஆகியவை படச்சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கேட்பதால் கிடைக்கும் பெரிய பயன் வேறு. பொருளில் தேய்மானம் தெரியும். அது ஏன் அப்படித் தேய்ந்தது என்பது அதைப் புழங்கும் மனிதருக்கே தெரியும். அந்த அம்மாவிடம் கேட்டிருக்காவிட்டால், அது இடக்கைப் பழக்கம் உள்ளவர் வீடு என்று தவறாக எழுதிவைத்திருப்பேன்.

நகரத்துக்குள் போனால் இந்த வசதி கிடைப்பதில்லை. தெருவில் ஒரு தாழ்ப்பாளை ஐந்தாறு கைகள்தான் தொடுகின்றன. இரயில் நிலையப் படிக்கட்டின் கைப்பிடியை ஒரே நாளில் எத்தனை ஆயிரம் கைகள் தொடுகின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே தேய்மானம் ஒருவரின் பழக்கத்தைக் காட்டாமல் ஒரு கூட்டத்தின் போக்கைக் காட்டுகிறது. கைப்பிடிக் கம்பி கீழ்ப்படிகளில் மங்கலாகவும், ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் மேல்படிகளில் பளபளப்பாகவும் இருப்பதை ஒரு முறை கவனித்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. மின்தூக்கியில் தரைத்தளத்துக்குரிய பொத்தானில் மட்டும் எண் அழிந்திருக்கும், ஏனென்றால் எந்தத் தளத்தில் வசிப்பவரானாலும் இறங்கும்போது அதைத்தான் அழுத்தியாக வேண்டும். பயணச்சீட்டு கொடுக்கும் முகப்பின் பலகையில், நாணயங்கள் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு ஒரு வழவழப்பான வாய்க்கால் விழுந்திருக்கும். பேருந்து நிறுத்தத்து இருக்கையின் ஒரு முனை மட்டும் அதிகம் தேய்ந்திருப்பது, பேருந்து வரும் திசையைப் பார்ப்பதற்கு அந்த முனைதான் வாகாக இருக்கும் என்பதால். இந்தப் படங்களை எடுக்க வேகம் வேண்டும். கேமரா முக்காலியை விரித்தால் காவலர் வந்துவிடுவார். அவர் வருவது நியாயமும்கூட. கையில் பிடித்தே எடுக்கும்போது 50 மி.மீ. லென்ஸுக்கு ஐம்பதில் ஒரு விநாடியைவிட மெதுவாகப் போகாமல், கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவைத் தயங்காமல் உயர்த்திக்கொள்கிறேன். படத்தில் கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஆடிப்போன படத்தில் தேய்மானத்தைப் பார்க்கவே முடியாது.

வண்ணமா கறுப்புவெள்ளையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் வண்ணம்தான். கறுப்புவெள்ளை எதையும் உடனே பழையதாக்கிவிடுகிறது. நேற்று வாங்கிய வாளிக்குக்கூட ஐம்பது வயது ஏறிவிடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்கள் 1976-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது, ஒரு குழந்தையின் மூன்றுசக்கர வண்டியையும் அதுபோன்ற அன்றாடப் பொருள்களையும் அங்கே கொண்டுவந்து மாட்டியதைப் பல விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். வண்ணம் விளம்பரத்துக்கும் வீட்டு ஆல்பத்துக்கும் உரியது என்று பலர் நம்பிய காலம் அது. தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த அந்த வண்டி, படத்தில் பின்னால் இருக்கும் வீடுகளைவிடப் பெரிதாக நிற்கிறது. அதில் ஏறி உட்காரும் குழந்தையின் கண்ணுக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும். எடுத்த படத்தில் செயற்கையாகப் பழுப்பேற்றுவதும், ஓரங்களைக் கறுப்பாக்குவதும், துருவை மேலும் சிவப்பாக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இரும்பு தன் துருவை நீரிடமிருந்தும் காற்றிடமிருந்தும் மெல்லமெல்லப் பெற்றிருக்கிறது. அதற்குமேல் நான் சேர்க்க எதுவும் இல்லை.

எதையும் நகர்த்துவதும் இல்லை. இருக்கையின் மேல் காய்ந்த இலை கிடந்தால் அது அங்கேயே கிடக்கட்டும். வாளியின் காது இடப்பக்கம் விழுந்திருந்தால் அப்படியே எடுக்கிறேன். படம் நன்றாக வரவில்லை என்றால் என் கால்களை நகர்த்துகிறேன். முதலாண்டில் நான் இதை மீறினேன். ஒரு வாசலில் சுவரோடு சாய்த்திருந்த ஏணியை, வெளிச்சம் விழும் இடத்துக்கு ஓரடி தள்ளிவைத்து எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தேன். படம் அழகாகவே வந்தது. ஆனால் ஏணியின் கால்கள் தரையில் பதித்திருந்த இரண்டு பள்ளங்களும் படத்தில் காலியாகத் தெரிந்தன. அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

அந்த முதலாண்டுப் படங்களில் பாதிக்கு மேல் இப்போது என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே சேமிப்புத் தட்டில் வைத்திருந்தேன். ஒரு நாள் அது திறக்கவில்லை, பழுது பார்க்கக் கொடுத்தும் பயனில்லை. போனவற்றில் பூங்காவின் பழைய மர இருக்கை இருந்தது. அந்த இருக்கையை அதற்குள் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அதன் இடத்தில் இப்போது இரும்பு இருக்கை இருக்கிறது. மூன்றாம் பலகையின் ஓரத்தில் யாரோ பேனாக்கத்தியால் மிகப் பொறுமையாகச் செதுக்கிய ஒரு சிறிய சதுரக் கட்டம் இருந்தது, ஏதோ ஓர் ஆட்டத்துக்கோ வேறு எதற்கோ. அதை மறுபடி எடுக்க வழியில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இப்போது இரண்டு பிரதிகள் வைக்கிறேன், அதில் ஒன்று என் அண்ணன் வீட்டில் இருக்கிறது. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் வரும்படி எழுதுகிறேன். கேமரா தானாகவே தேதியையும் நேரத்தையும் படத்தோடு பதிந்துகொள்ளும் என்றாலும், எந்தக் கதவு, யார் புழங்குவது, என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் அது பதியாது. அதற்காக ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒரு படத்துக்கு இரண்டு வரி வீதம் எழுதிவைக்கிறேன்.

போன மாதம் அந்த அம்மாவே என்னைத் தெருவில் நிறுத்திக் கூப்பிட்டார். வாயிற்கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, தாழ்ப்பாளையும் மாற்றியிருந்தார்கள். "பழசைத் தூக்கிப் போட மனசு வரலை தம்பி, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய பழைய தாழ்ப்பாளை என் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். தேய்ந்த இடம் முன்பு எப்போதும் வராத அளவுக்குத் துல்லியமாக வந்தது. ஆனால் கதவிலிருந்து கழற்றிவிட்ட தாழ்ப்பாளைத் திருப்பி வைத்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் ஆகிவிடுகிறது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதற்கே அதில் அடையாளம் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் அது ஒரு தேய்ந்த இரும்புத் துண்டு. வலக்கையில் பை இருந்தது என்பதை அது சொல்லாது. கதவில் இருந்தபோது எடுத்த பழைய படத்தையும் அம்மா சொன்ன வாக்கியத்தையும் நோட்டுப்புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ப் புதிய தாழ்ப்பாளை எடுத்தேன், பழையதை எடுத்த அதே தொலைவில், அதே உயரத்தில். குமிழின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னுகின்றன. தேதியை எழுதி, "இன்னும் தேயவில்லை" என்று கீழே குறித்திருக்கிறேன்.